பெய்ஜிங்கில் குழுவோடு முதல் நாள்: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை, அங்கே கவனிக்க வேண்டியவை

பெய்ஜிங்கில் நினைத்த நேரத்தில் நடந்து போய் வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே நுழைய முடியாது. தியானன்மென் சதுக்கத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை, ஆனால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பழைய அரண்மனைக்கு டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணின் பேரில்தான். கடைகளில் பெரும்பாலும் போனைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறார்கள், அந்தச் செயலிகளோ இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. எங்கள் குழு முதல் நாளில் திணறியதெல்லாம் இந்த மூன்று விஷயங்களில்தான். குரூப் டூர்தானே, எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். கைடால் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத் திருத்தவோ, உங்கள் வங்கி அட்டையைத் திறந்து கொடுக்கவோ முடியாது. முதல் நாள் நன்றாக அமைவது அதற்கு முந்தைய வாரம் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

கீழே சொல்வது தமிழ்நாட்டிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. விசா: தனி விசாவா, குழு விசாவா என்று முதலில் கேளுங்கள்

டூர் நிறுவனம் "விசா சேர்த்துத்தான் விலை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் தனி சுற்றுலா விசா. மற்றொன்று குழு விசா. இதில் பாஸ்போர்ட்டில் எதுவும் இருக்காது. எல்லோர் பெயரும் வரிசையாக அடித்த ஒரு தாள் டூர் லீடர் கையில் இருக்கும். குழு விசாவில் போனால் சேர்ந்தே நுழைய வேண்டும், சேர்ந்தே வெளியேற வேண்டும். குடியேற்ற வரிசையில் அந்தத் தாளில் உள்ள வரிசை எண்படி நிற்கச் சொல்வார்கள். உங்கள் எண்ணை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு அவசரம் என்று நடுவில் ஒருவர் மட்டும் திரும்ப வேண்டி வந்தால் குழு விசாவில் அது பெரிய சிக்கல். வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் போகிறவர்கள், உடல்நலம் நிச்சயமில்லாதவர்கள் கொஞ்சம் செலவானாலும் தனி விசாவே எடுங்கள் என்பது என் கருத்து.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் காலாவதி மீதமும் இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்கட்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 பிப்ரவரி முதலும், மலேசிய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படியும் 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை. "240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம்" என்ற செய்தியைப் படித்துவிட்டு இந்திய பாஸ்போர்ட்டோடு யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்தச் சலுகைக்கான நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை.

2. பெயர்: நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். அல்லது இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருக்கும். சீனத்து முன்பதிவுப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டே தீரும். டூர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் ஒருவர் இன்ஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முன்னால் போடுவார். விமான டிக்கெட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர், அரண்மனை டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். எங்கள் குழுவில் சிலருக்கு இப்படித்தான் ஆனது. வாசலில் ஒவ்வொன்றையும் விளக்கி முடிப்பதற்குள் காலை வேளை கரைந்தது.

இதற்கு ஒரே வழி: பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி, அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கும். அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் எல்லா இடத்திலும் பதிய வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பதிந்த பிறகு அந்தத் திரையின் படத்தை அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள். பெயரைவிட முக்கியம் பாஸ்போர்ட் எண். சுழியம் O என்ற எழுத்தாகவும் அந்த எழுத்து சுழியமாகவும் மாறியிருந்தால் வாசலில் உங்கள் முன்பதிவே தென்படாது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழைய நகல் அலுவலகத்தில் இருக்கும். புதிய நகலை நீங்களே அனுப்புங்கள்.

3. முன்பதிவு: ஏழு நாள் முன்பு, இந்திய நேரம் மாலை 5:30

முதல் நாளில் பெரும்பாலான குழுக்கள் பார்ப்பது தியானன்மென் சதுக்கம், அதன் வடக்கே உள்ள தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் அரண்மனை, அதற்கும் வடக்கே ஜிங்ஷான் குன்று. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஒரு நாளுக்குச் சரியாக வரும்.

அரண்மனை டிக்கெட் போகும் நாளுக்கு ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கும். சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் நம் ஊரில் அப்போது மாலை 5:30. விடுமுறைக் காலத்திலும் வார இறுதியிலும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பர் முதல் மார்ச் வரை 40 யுவான். ஒரு யுவானை 12, 13 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள கருவூலக் காட்சிக்கும் கடிகாரக் காட்சிக்கும் தனித்தனியே 10 யுவான். டிக்கெட் பதியும்போதே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. நேரம் இருந்தால் கருவூலக் காட்சியைத் தவறவிடாதீர்கள், ஒன்பது நாகச் சுவர் (ஒன்பது டிராகன் உருவங்கள் கொண்டது) அங்கேதான் இருக்கிறது.

சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு. கட்டணம் இல்லை. ஒன்பது நாள் முன்பிருந்து பதியலாம். போவதற்கு முந்தைய நாளுக்குள் முடித்திருக்க வேண்டும். இந்தப் பதிவு வீசாட் என்ற சீனச் செயலிக்குள் நடப்பதால் இந்தியாவிலிருந்து நீங்கள் செய்வது கடினம், பெய்ஜிங் கைடுதான் செய்வார். ஆனால் "போட்டாச்சு சார்" என்ற வாய்வார்த்தை போதாது. எந்தத் தேதி, எந்த நேரப் பிரிவு, உங்கள் பாஸ்போர்ட் எண் சரியா என்று காட்டும் படத்தைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல கைடு கேட்டதும் அனுப்பிவிடுவார்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில:

திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும் (பொது விடுமுறை நாளாக இருந்தால் ஒழிய). உங்கள் பயண நிரலில் முதல் நாள் திங்கள் என்றால் முன்பணம் கட்டும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். "வெளியிலிருந்து அரண்மனை காட்டப்படும்" என்று நிரலில் ஒரு வரி இருந்தால் அதன் பொருள், உள்ளே போகப் போவதில்லை என்பதுதான்.

அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய நாள் விடுமுறை, மே தொடக்கத்தில் தொழிலாளர் நாள் விடுமுறை, சீனப் புத்தாண்டு. இந்த மூன்று சமயங்களிலும் சீனா முழுவதும் பயணத்தில் இருக்கும். விலை குறைவு என்று யார் சொன்னாலும் அந்த வாரங்களில் முதல் பயணம் வேண்டாம். ஏப்ரல் பிற்பகுதி, செப்டம்பர், அக்டோபர் பிற்பகுதி நல்ல காலம். ஜனவரியில் சுழியத்துக்கும் கீழே பத்து டிகிரி வரை போகும். நம் ஊர் ஸ்வெட்டர் அதற்குப் போதாது.

பெரிய குழுவுக்கு ஒரே பதிவில் டிக்கெட் எடுக்க முடியாமல் சில பேராகப் பிரித்து எடுப்பார்கள். அப்போது பாதிப் பேருக்குக் காலை, பாதிப் பேருக்கு மதியம் என்று விழ வாய்ப்பு உண்டு. கணவனும் மனைவியும், தாயும் மகளும் ஒரே பிரிவில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பணம்: ரொக்கம் கையில் இருக்கட்டும்

சீனாவில் எல்லோரும் அலிபே, வீசாட் பே வழியாகத்தான் செலவு செய்கிறார்கள். வெளிநாட்டவரும் தங்கள் விசா (Visa), மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை அதில் இணைக்கலாம். ஒரு முறைக்கு 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்கள் வீட்டிலேயே செயலியை நிறுவி, பாஸ்போர்ட்டைப் பதிந்து, அட்டையை இணைத்துவிட்டுக் கிளம்புங்கள். உங்களுக்கு இந்தப் பகுதி இவ்வளவுதான்.

நமக்குத்தான் சிக்கல். 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் பட்டியலில் அலிபேயும் சேர்ந்தது. எனவே சென்னையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தயார் செய்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். சீனாவில் இறங்கிய பிறகு அந்நாட்டு இணைப்பில் ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கடையே திறக்காது. இடையில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது விமானம் மாறும்போது செயலி கிடைக்கிறதா என்று பார்க்கலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்காது என்று எண்ணியே ரொக்கத்தோடு போங்கள்.

சென்னையில் பல அந்நியச் செலாவணிக் கடைகளில் யுவான் கையிருப்பு இருக்காது. நான்கைந்து நாள் முன்பே சொல்லிவைத்து, பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், பான் அட்டை நகலோடு போய் வாங்குங்கள். 100 யுவான் தாளாகவே வாங்கிவிடாதீர்கள். 5, 10, 20 கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஹோட்டல் வரவேற்பில் மாற்றிக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மறுப்பது சீனச் சட்டப்படி தவறு. ஆனாலும் சின்னக் கடைக்காரரிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது, அதுதான் நடைமுறைத் தொல்லை. முதல் நாளுக்கு ஆளுக்கு 300 யுவான் சில்லறையாக இருந்தால் நிம்மதி.

அட்டையும் ஒன்று கொண்டு போங்கள், ஆனால் அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டீர்களா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நம் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வரும். நேரடியாகப் பணம் எடுப்பது, கடையில் தேய்ப்பது, இணையத்தில் செலுத்துவது, தொட்டுச் செலுத்துவது என நான்கும் தனித்தனிப் பொத்தான்கள். அத்தனையும் திறந்திருக்கட்டும். பெய்ஜிங் மெட்ரோ வாயிலில் 2024 முதல் வெளிநாட்டு அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். தொட்டுச் செலுத்தும் வசதி மூடியிருந்தால் வாயில் திறக்காது.

5. போன்: ரோமிங் இல்லாதவர் குழுவிலிருந்து அறுந்துவிடுவார்

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், பேஸ்புக் எதுவும் சீன இணைப்பில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் அப்படியே. நம் ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போனால் அந்த இணையம் நம் நாட்டு வழியாகப் போவதால் வாட்ஸ்அப் வழக்கம்போல் வேலை செய்யும். எனவே ஒரு குடும்பத்துக்கு ஒரு போனிலாவது ரோமிங் கட்டாயம் வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்கும் அந்த சிம் போனில் இருந்தாக வேண்டும். வேறு சிம் வாங்கி இதைக் கழற்றி வைத்துவிட்டால் அட்டையும் சேர்ந்து முடங்கும்.

வரைபடத்துக்கு அமாப் செயலியில் ஆங்கில வசதி இருக்கிறது. ஐபோனில் ஆப்பிள் வரைபடமே நன்றாக வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலே இயங்கும்படி ஊரிலேயே இறக்கி வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் உணவகத்தில் மானம் காப்பது அதுதான்.

வாட்ஸ்அப் வேலை செய்தாலும் கூட்டத்தில் யாரும் போனைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும், தொலைந்தால் எங்கே நிற்பது என்று ஒரு இடத்தைக் கைகாட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கழுத்தில் ஹோட்டலின் சீன எழுத்து அட்டையும் கைடின் எண்ணும் தொங்கட்டும். அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

6. விமான நிலையத்தில்

2025 நவம்பர் 20 முதல் வருகை அட்டையை இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள். குழு விசாவில் போகிறவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை. 14 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம் கைரேகை எடுப்பார்கள். மருதாணி வைத்த விரலும் வியர்த்த விரலும் நேரம் எடுக்கும், துடைத்துவிட்டு வையுங்கள்.

தலைநகர் விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் குடியேற்றம் முடிந்ததும் ஒரு சின்ன ரயிலில் ஏறித்தான் பெட்டி எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பலர் பெட்டியைத் தேடி அங்கேயே சுற்றுகிறார்கள். எல்லோரும் போகும் திசையில் போய் ரயிலில் ஏறுங்கள்.

குழுவுக்குப் பேருந்து வரும். தனியே போக நேர்ந்தால் விமான நிலைய ரயிலுக்கு 25 யுவான், சான்யுவான்ச்சியாவ் நிலையத்தில் மெட்ரோவின் பத்தாம் தடத்துக்கும் டோங்ஜிமென்னில் இரண்டாம் தடத்துக்கும் மாறலாம். டாஷிங் விமான நிலையத்தில் இறங்கினால் ச்சாவ்ச்சியாவ் வரை 35 யுவான். டாக்சி என்றால் வரிசையில் நின்று மட்டும் ஏறுங்கள். மீட்டர் 13 யுவானில் தொடங்கும். "டாக்சி, டாக்சி" என்று உள்ளேயே வந்து பெட்டியைப் பிடிப்பவரோடு போகவே கூடாது.

குவாங்சோ, ஷாங்காய் வழியாக உள்நாட்டு விமானம் மாறி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டின் தரமுத்திரை இல்லாத பவர்பேங்கை எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. விலை உயர்ந்ததை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஹோட்டலில் ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் வாங்கிக் காவல்துறையில் பதிவார்கள். வெளிநாட்டவர் தங்கும் இடம் 24 மணி நேரத்துக்குள் பதிவாக வேண்டும் என்பது விதி, ஹோட்டலே செய்துவிடும். குழுவை விட்டு நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்க நினைத்தால் நீங்களே காவல் நிலையம் போய்ப் பதிய வேண்டும். பதிவு முடிந்ததும் பாஸ்போர்ட்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எல்லோருடையதையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளும் டூர் லீடர்கள் இருக்கிறார்கள். மறுநாள் ஒவ்வொரு சோதனையிலும் அசல் பாஸ்போர்ட்டை நீங்களே நீட்ட வேண்டும்; நகலோ போனில் உள்ள படமோ செல்லாது.

7. காலை: சதுக்கமும் அரண்மனையும்

ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அரண்மனை 8:30க்குத் திறக்கும். பாதுகாப்பு வரிசைக்கு மட்டும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மெட்ரோவில் போனால் முதலாம் தடத்தில் தியானன்மென் கிழக்கு நிலையம். கட்டணம் 3 யுவானில் தொடங்கும், நகருக்குள் 5 யுவானைத் தாண்டுவது அபூர்வம். ஒவ்வொரு நிலையத்திலும் பை எக்ஸ்ரேயில் போகும். தண்ணீர் பாட்டிலைக் குடித்துக் காட்டச் சொன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள்.

சதுக்கத்துச் சோதனையில் சீனர்கள் அடையாள அட்டையைக் கருவியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நம் பாஸ்போர்ட்டை ஆள்தான் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். எந்த வரிசையில் காவலர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறார் என்று கவனித்து அதில் நில்லுங்கள். லைட்டர், தீப்பெட்டி, பழம் வெட்டும் சின்னக் கத்தி எதுவும் பையில் இருக்கக் கூடாது. சங்கத்தின் பெயர் அச்சிட்ட பேனரை விரித்துக் குழுப்படம் எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. சதுக்கத்தில் அதைச் செய்யவே வேண்டாம். பேனரோ கொடியோ விரித்தால் உடனே காவலர்கள் வருவார்கள், குழு முழுவதும் மாட்டிக்கொள்ளும். பேனரை ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள்.

சதுக்கம் வேண்டாம், அரண்மனை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஐந்தாம் தடத்தில் டெங்ஷிகோவ் நிலையத்தில் இறங்கி டோங்ஹுவாமென் தெரு வழியாக மேற்கே நடந்தால் அரண்மனையின் கிழக்கு வாசல் வரும். அங்கிருந்து அகழி ஓரமாகத் தெற்கு வாசலான வூமென்னுக்குப் போகலாம். வயதானவர்களோடு போகும்போது இந்த வழியைத்தான் நான் சொல்வேன்.

அரண்மனையில் நுழைவது தெற்கே வூமென் வழியாக மட்டும். வெளியேறுவது வடக்கே ஷென்வூமென் வழியாகவோ கிழக்கு வாசல் வழியாகவோ. நுழைந்த வாசலுக்குத் திரும்ப முடியாது என்பதால், "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று யாரையும் வூமென்னில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். தெற்கிலிருந்து வடக்கே 961 மீட்டர். பக்க முற்றங்களையும் சேர்த்தால் மூன்று, நான்கு கிலோமீட்டர் நடை வந்துவிடும். தரை முழுக்கக் கரடுமுரடான கல், நடு முற்றங்களில் நிழலே கிடையாது. புதுச் செருப்பும் குதிகால் செருப்பும் வேண்டாம். மூன்று மணி நேரம் வையுங்கள்.

பெரும் கூட்டம் நடு அச்சில் உள்ள மூன்று பெரிய மண்டபங்களை எட்டிப் பார்க்க முண்டியடிக்கும். அந்த மண்டபங்களுக்குள் நுழைய விடுவதில்லை, வாசலில் நின்று பார்ப்பதுதான். அங்கே மல்லுக்கட்டும் நேரத்தைக் கிழக்குப் பக்க முற்றங்களுக்குக் கொடுங்கள். கைடு ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே நடப்பார்; பின்தங்கினால் குரல் கேட்காது. குழுவில் கடைசி ஆளாக ஒருவரை நியமித்து, அவரைத் தாண்டி யாரும் பின்னால் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வது நன்றாகப் பயன்பட்டது.

8. ஜிங்ஷான்: 2 யுவானுக்குக் கிடைக்கும் காட்சி

ஷென்வூமென்னிலிருந்து சாலையைக் கடந்தால் ஜிங்ஷான் பூங்கா. கட்டணம் 2 யுவான். பூக்காட்சி நடக்கும் நாட்களில் கூடும். படியேறி உச்சி மண்டபத்தில் நின்றால் அரண்மனையின் மஞ்சள் கூரைகள் மொத்தமும் கீழே விரிந்திருக்கும். பல குழு நிரல்களில் இது இல்லை. கைடிடம் முக்கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே பூங்காவில் உட்காரலாம், இடம் நன்றாக இருக்கும்.

சுற்றுலாப் பேருந்துகள் ஷென்வூமென் வாசலிலேயே நிற்பதில்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில்தான் ரிக்‌ஷாக்காரர்களும் அனுமதியில்லாத கார்களும் மொய்ப்பார்கள்.

சாலையைக் கடக்கும்போது கவனம். அங்கே வண்டிகள் வலப்புறம் போகும். நாம் பழக்கத்தில் பார்ப்பது தவறான திசை. பச்சை விளக்கில் நீங்கள் நடக்கும்போதும் வலது பக்கம் திரும்பும் கார்கள் வரும். மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும்.

9. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் திண்டாட்டம் இல்லை. பன்றி, மாடு தவிர்ப்பவர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். சைவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியது நிறைய. "காய்கறி" என்று சொன்னால் காய்கறி வரும், ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்கியோ, சிப்பி சாஸ் ஊற்றியோ, இறைச்சிச் சாற்றில் வேகவைத்தோ வரலாம். மாப்போ டோஃபு என்ற பிரபல உணவில் பொடியாக நறுக்கிய இறைச்சி இருக்கும். எனவே வந்து இறங்கிய இரவே ஹோட்டல் வரவேற்பில் ஒரு தாளில் சீன எழுத்தில் எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், இறால், பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ், இறைச்சிச் சாறு கூடாது, முட்டை ஆகும் அல்லது ஆகாது. அதை எல்லோரும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் பத்து மடங்கு வேலை செய்யும்.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் தக்காளி முட்டைப் பொரியல் எந்தக் கடையிலும் கிடைக்கும், வெள்ளைச் சோற்றோடு நன்றாகப் போகும். பருப்புப்பொடி, ஊறுகாய், தேப்லா (குஜராத்திச் சப்பாத்தி) கொண்டு போவதில் தவறில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. எங்கு போனாலும் வெந்நீர் இலவசமாகக் கிடைக்கும், ஒரு பிளாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைகள் எங்கும் உண்டு, கட்டணமும் இல்லை, ஆனால் தாள் பல இடங்களில் இருக்காது. டிஷ்யூ, கை கழுவும் திரவம் இரண்டும் ஆளுக்கொன்று.

மதிய உணவோடு சேர்த்து ஒருவருக்கு முதல் நாள் செலவு, நீங்களே கொடுப்பதாக இருந்தால்: அரண்மனை 60, கருவூலம் 10, ஜிங்ஷான் 2, மெட்ரோ 10, இரண்டு வேளைச் சாப்பாடு 80 முதல் 120. மொத்தம் சுமார் 160 முதல் 200 யுவான். குழுக் கட்டணத்தில் நுழைவுச்சீட்டு சேர்த்தி என்று சொல்லியிருந்தால், அங்கே போய் "கூடுதல் காட்சி" என்று யாராவது 300 யுவான் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

10. யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்

வாங்ஃபூஜிங் கடைத்தெருவிலும் சதுக்கத்தைச் சுற்றியும் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் அணுகுவார்கள். மாணவர்கள், ஆங்கிலம் பழக வேண்டும், தேநீர் குடிக்கலாம் வாருங்கள் என்பார்கள். தேநீர்க் கடையில் ஆயிரக்கணக்கான யுவானுக்குப் பில் வரும். ஓவியக் கண்காட்சி என்று அழைப்பதும் இதே வகை. நாங்கள் குழுவாக வந்திருக்கிறோம் என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள், நிற்காதீர்கள்.

ரிக்‌ஷாவில் ஏறும் முன் விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள், அது ஒருவருக்கா மொத்தமா என்றும் கேளுங்கள்.

குறைந்த விலை டூரில் கடை நிறுத்தங்கள் வரும்: பச்சைக்கல், பட்டு, முத்து, பாரம்பரிய மருந்து. மருந்துக் கடையில் நாடி பார்த்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று பயமுறுத்தி மூலிகை விற்பார்கள். வீட்டில் மருத்துவர் சொன்னதை நம்புங்கள். 2013 அக்டோபரில் நடப்புக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பயணிகளைக் கட்டாயக் கடை நிறுத்தங்களுக்கு அழைத்துப் போவதைத் தடை செய்கிறது. அப்படி வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பயணம் முடிந்து 30 நாளுக்குள் நிறுவனத்திடம் கேட்கலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஊரிலேயே, பணம் கட்டும் முன்பே, எத்தனை கடை நிறுத்தம், கைடுக்கான டிப்ஸ் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119. குடியேற்றம், விசா தொடர்பான கேள்விகளுக்கு 12367 என்ற எண்ணில் ஆங்கிலத்திலும் பேசலாம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார்ச் சான்று, பிறகு லியாங்மாச்சியாவ் பகுதியில் உள்ள இந்தியத் தூதரகம். நகலும் இரண்டு புகைப்படமும் பெட்டியில் தனியாக இருக்கட்டும்.

11. மாலை

மதியம் ஹோட்டலுக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுங்கள். இரவு விமானத்தில் வந்த அலுப்போடு மாலையும் சுற்றினால் மறுநாள் கால் எழாது. ஆறு மணிக்கு மேல் ச்சியன்மென் நடைத்தெருவுக்கும் அதன் பக்கத்து டாஷிலான் சந்துக்கும் போகலாம். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, விளக்குகள் ஏற்றியபின் அழகு. கூட்டம் பிடிக்காதவர்கள் ஷிச்சாஹாய் ஏரிக்கரைக்குப் போங்கள். மெட்ரோ பல தடங்களில் இரவு 11 மணியை ஒட்டி நின்றுவிடும். 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

படுக்கும் முன் கைடிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: மறுநாள் பெருஞ்சுவரின் எந்தப் பகுதி? பாதாலிங்கா, முதியான்யூவா? இரண்டிலும் கேபிள் கார் கட்டணம் நுழைவுச்சீட்டில் சேராது. குழுக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று இரவே தெரிந்துகொண்டால் காலையில் அதற்கான ரொக்கத்தைத் தனியே எடுத்து வைக்கலாம்.